ஒரே விரிசல், இரண்டு பட்டம்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால், கோவையில் எங்கள் உலோகப் பரிசோதனைக் கூடத்துக்கு வார்ப்பு மாதிரிகளோடு அப்பாக்களும் வர ஆரம்பித்துவிடுவார்கள். இந்த முறை பல்லடத்திலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். "ஏனுங்க சார், ஏரோஸ்பேஸும் மெட்டீரியல் சயின்ஸும் சேர்த்து டூயல் டிகிரி படிக்கணுங்கறா. ரெண்டுல எதுங்க சோறு போடும்?"

மேசை மேல் கிடந்த உடைந்த பம்ப் ஷாஃப்டை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். "எங்கிருந்து உடைய ஆரம்பிச்சிருக்கு, சொல்லு கண்ணு."

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீவேயின், அதாவது சாவிக்கட்டை பொருத்த ஷாஃப்டில் வெட்டிய பள்ளத்தின், கூர் மூலையிலிருந்து, அலை ஒதுங்கிய மணல்போல வளைவு வளைவாக வரிகள். எதிர்ப்பக்கம் மட்டும் சொரசொரப்பு. அது கடைசியில் ஒரே அடியாக அறுந்த இடம். வரி விழுந்த இடமோ நாள்பட மெல்ல மெல்லப் பிளந்தது. ஃபெட்டீக், அதாவது உலோகக் களைப்பு, என்பது இதைத்தான்.

1954-ல் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறியதும் இதே நோயால்தான். மேலேறும்போது கேபின் உப்பும், இறங்கினால் தளரும். இன்னொரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து அழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். அது ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து, சுமார் 3,000 சுற்றில் ஜன்னல் மூலையில் கிழிந்தது. அந்த மூலையில் எவ்வளவு இழுவிசை சேரும் என்பது ஏரோ கணக்கு. அந்த அலுமினியக் கலவை அதை எத்தனை சுற்று தாங்கும் என்பது மெட்டீரியல்ஸ் கணக்கு. இரண்டும் தெரிந்தவர் வரைபடத்திலேயே அந்த மூலையைச் சந்தேகப்படுவார். சூலூரில் நம் தலைக்கு மேல் போகும் தேஜஸ் போர் விமானத்தில் கார்பன் ஃபைபர் காம்போசிட்தான், அதாவது கார்பன் இழைகளைப் பிசினில் பதித்த கலவைப் பொருள்தான், நிறைய. அதில் இழைகள் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதே வடிவமைப்பின் ஒரு பகுதி. அங்கே இரு துறைக்கும் நடுவில் வேலியே கிடையாது.

சரி, அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாமா? முதலில் 'டூயல்' என்ற வார்த்தையைப் பாருங்கள். நம் ஐ.ஐ.டி.களில் அது பெரும்பாலும் பி.டெக்.கும் எம்.டெக்.கும் சேர்ந்த 5 வருடப் படிப்பு. இரண்டு துறைகளில் தனித்தனி இளநிலைப் பட்டம் என்பது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் உண்டு. பொதுவான பாடங்கள் இரண்டுக்கும் கணக்கில் வரும். கையில் ஒரு சான்றிதழா இரண்டா, நடுவில் முடியாவிட்டால் ஒன்றோடு வெளியே வரலாமா என்று சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சுமை இரண்டாம் வருடத்தில் தெரியும். தெர்மோடைனமிக்ஸ் என்ற ஒரே பெயரில், ஏரோக்காரர் நாசிலில் (இன்ஜினின் குறுகிய வாயில்) பாயும் காற்றைப் பற்றிக் கேட்பார். உலோகக்காரர், எந்த வெப்பத்தில் எஃகு எந்த நிலையில் இருக்கும் என்று காட்டும் இரும்பு–கார்பன் படத்தை வரையச் சொல்வார். நானாக இருந்தால் ஒன்றை முழுதாகப் படித்து, மற்றதை விருப்பப் பாடமாக எடுப்பேன். எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வின் எக்ஸ்.இ. (பொறியியல் அறிவியல்) தாளில் பாய்ம இயக்கவியல், மெட்டீரியல் சயின்ஸ் இரண்டுமே இருக்கின்றன.

அந்தப் பெண் இன்னும் ஷாஃப்டைக் கீழே வைக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து பத்து நாள் வந்து மாதிரி பாலிஷ் போட்டுப் பார் என்றேன். எமரி பேப்பரில் தேய்த்தால் நகமெல்லாம் கறுக்கும் என்றும் சொன்னேன். அவள் தலையாட்டினாள், அப்பாதான் கொஞ்சம் யோசித்தார்.