காட்டைத் தின்னும் முள்ளெலி, முள்ளெலியைத் தின்னும் நீர்நாய்

அலாஸ்காவிலிருந்து ரஷ்யாவை நோக்கி நீளும் அலூஷியன் தீவுகளில் ஒன்று அம்சிட்கா. 1970-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் எஸ்டெஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் அங்கே கடல்நீர்நாய்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். அமெரிக்கா அந்தத் தீவில் நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகள் நடத்திய காலம் அது. தீவைச் சுற்றிக் கடலுக்கடியில் மரம்போல் வளர்ந்திருக்கும் கெல்ப் என்ற பாசியின் காடு நீர்நாய்களை எப்படித் தாங்குகிறது என்பதுதான் எஸ்டெஸ் ஆராய நினைத்த கேள்வி. அங்கே வந்திருந்த ராபர்ட் பெயின் என்ற சூழலியலாளர் அந்தக் கேள்வியை அப்படியே திருப்பிப் போடச் சொன்னார்: நீர்நாய் அந்தக் காட்டுக்கு என்ன செய்கிறது?

இதற்கு விடை தேட, நீர்நாய் உள்ள கடலையும் இல்லாத கடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட கடல்களை வரலாறு ஏற்கனவே உண்டாக்கி வைத்திருந்தது. அதுவும் கொடூரமான முறையில். 1741-ல், ரஷ்யாவுக்காகக் கடலாய்வு செய்த விட்டஸ் பெரிங்கின் கப்பல் ஒரு தீவில் தரைதட்டியது. பெரிங் அங்கேயே இறந்துபோனார். உயிர் தப்பிய மாலுமிகள் அடுத்த ஆண்டு ரஷ்யா திரும்பியபோது நூற்றுக்கணக்கான நீர்நாய்த் தோல்களைக் கொண்டுவந்தார்கள். திமிங்கிலம், கடல்நாய் போன்றவற்றுக்குத் தோலுக்கடியில் தடித்த கொழுப்பு உண்டு. நீர்நாய்க்கு அது கிடையாது. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு லட்சத்துக்கும் மேல் முடி இருக்கும் ரோமம்தான் அதன் போர்வை. அந்த ரோமத்துக்காகவே அடுத்த 170 ஆண்டுகள் ஜப்பானின் வடக்கிலிருந்து மெக்ஸிகோ வரை அதை வேட்டையாடித் தீர்த்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருந்ததாகக் கணக்கிடப்படும் இனத்தில், 1911-ல் வேட்டையைத் தடுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை வந்தபோது எஞ்சியவை ஓரிரு ஆயிரம்தான். அவையும் பதின்மூன்று சிறு கூட்டங்களாகச் சிதறிக் கிடந்தன.

தப்பிய கூட்டங்களில் ஒன்று அம்சிட்கா பக்கம் இருந்தது. அங்கே எண்ணிக்கை மெல்லப் பெருகியது. மேற்கே சில நூறு கிலோமீட்டரில் இருக்கும் ஷெம்யா தீவுக்கோ நீர்நாய்கள் இன்னும் திரும்பி வரவில்லை. எஸ்டெஸ் அங்கே போய் மூழ்கிப் பார்த்தார். அதே குளிர்நீர், அதே பாறைகள். ஆனால் கெல்ப் இல்லை. கடலடி முழுக்கப் பச்சை நிறக் கடல் முள்ளெலிகள்தான், உடம்பெல்லாம் முள் நிறைந்த உருண்டையான சிறு கடலுயிர்கள்தான், பரவிக் கிடந்தன. 1974-ல் அவரும் ஜான் பால்மிசானோவும் இந்த ஒப்பீட்டை வெளியிட்டார்கள். ஒரு ஊனுண்ணி மறைந்தால் தாவர உலகம் வரை குலைந்துபோகும் என்பதற்குக் கடலில் கிடைத்த மிக வலுவான சான்றுகளில் ஒன்று அது.

சரி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு முள்ளுருண்டை எப்படி ஒரு காட்டையே அழிக்கும்?

கெல்ப் என்பது பழுப்புப் பாசி வகை. மண்டபம் கரையோரம் எடுக்கும் கட்டக்கோரைக்குத் தூரத்துச் சொந்தம். அதற்கு வேர் கிடையாது. விரல்விரலாகப் பிரிந்த ஒரு பற்றுறுப்பால் பாறையைப் பிடித்துக்கொண்டு, காற்றுப் பைகளின் உதவியால் மேற்பரப்பு வரை நிமிர்ந்து நிற்கும். கலிபோர்னியாவின் ராட்சத கெல்ப் நல்ல சூழலில் ஒரு நாளில் அரை மீட்டர்கூட வளரும். இவ்வளவு வேகமாக வளர்வதால் ஓரங்களை யார் கடித்தாலும் அதற்குக் கவலையில்லை. அதன் பலவீனம் அடியில் இருக்கிறது. பற்றுறுப்பு அறுந்தால் முழுச் செடியும் மிதந்து போய்விடும்.

முள்ளெலியின் வாய் அதன் அடிப்பக்கத்தில் இருக்கிறது. ஐந்து பற்கள், அவற்றை இயக்கச் சிக்கலான ஒரு தாடை அமைப்பு. பல் தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும், வளரும்போதே தன்னைத் தீட்டிக்கொள்ளும். தீட்டாமலே கூர்மையாகும் உளி என்று சொல்லலாம். ஆனால் ஒரு செழிப்பான காட்டில் முள்ளெலி இந்த உளியோடு செடிகளை அறுத்துக்கொண்டு திரிவதில்லை. பாறை இடுக்கில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். மேலேயிருந்து கழன்று விழும் கெல்ப் துண்டுகளைக் குழாய்க்கால்களால் பிடித்துத் தின்னும். உணவு தானாகத் தேடி வரும்போது வெளியே போய் எதிரியிடம் மாட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன? இந்த நிலையில் அது காட்டின் குப்பையைத் தின்று வாழும் சாதுவான குடிமகன்.

விழும் துண்டுகள் போதாமல் போகும்போதுதான் நிலைமை மாறுகிறது. முள்ளெலிகள் பெருகியிருக்கலாம், அல்லது வெப்பத்தால் கெல்ப் குறைந்திருக்கலாம். பசித்த முள்ளெலி இடுக்கை விட்டு வெளியே வந்து உயிருள்ள செடியின் அடியைக் கடிக்கத் தொடங்குகிறது. செடிகள் சாய, துண்டுகள் விழுவது இன்னும் குறைகிறது. இன்னும் நிறைய முள்ளெலிகள் வெளியே வருகின்றன. நீர்நாய் இருக்கும் கடலில் இந்தச் சுழல் தொடங்குவதே கடினம். குளிர்நீரில் உடம்புச் சூட்டைக் காக்க அது தன் எடையில் கால்பங்கு வரை தினமும் தின்றாக வேண்டும். வெளியே தெரியும் முள்ளெலியை எடுத்துவந்து, மல்லாந்து மிதந்தபடி உடைத்துத் தின்னும். இடுக்கில் இருப்பது மட்டும் பிழைக்கும்.

காடு அழிந்தபின் முள்ளெலிகளும் பட்டினியால் செத்துத் தொலையும், கெல்ப் திரும்பி வரும் என்றுதான் நமக்குத் தோன்றும். நடப்பது அதுவல்ல. முள்ளெலி தன் இனப்பெருக்க உறுப்புகளைச் சுருக்கிக்கொண்டு, உடலின் செலவைக் குறைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். பாறையில் புதிதாக முளைக்கும் கெல்ப் குருத்துகளை ஒன்றுவிடாமல் சுரண்டித் தின்றுவிடும். ஒரு காட்டைப் பொட்டலாக்க ஏராளமான முள்ளெலிகள் தேவை. பொட்டலைப் பொட்டலாகவே வைத்திருக்க அதைவிட மிகக் குறைவானவை போதும். இதுதான் இந்தக் கதையிலேயே முக்கியமான இடம் என்று நான் நினைக்கிறேன். போன வழியிலேயே திரும்பி வர முடியாது.

அலூஷியன் தீவுகள் இதை மறுபடியும் காட்டின. 1990-களில் அங்கே நீர்நாய்கள் மளமளவென்று குறைந்தன. நோயும் இல்லை, பட்டினியும் இல்லை. ஓர்க்கா திமிங்கிலங்கள் அவற்றைத் தின்னத் தொடங்கியிருந்தன. அடாக் தீவில் இதற்கு அழகான ஒரு சான்று கிடைத்தது: ஓர்க்கா நுழைய முடியாத ஒரு காயலுக்குள் வாழ்ந்த நீர்நாய்கள் குறையவில்லை, பக்கத்திலிருந்த திறந்த விரிகுடாவில் வாழ்ந்தவை மறைந்தன. சில ஆண்டுகளுக்குள் அந்தத் தீவைச் சுற்றி முள்ளெலிகளின் மொத்த எடை 8 மடங்கானது, கெல்ப் சரிந்தது.

அப்படியானால் நீர்நாயைக் கொண்டுவந்து விட்டால் காடு வந்துவிடுமா? சில இடங்களில் வந்தது. 1969-க்கும் 1972-க்கும் இடையே கனடாவின் வான்கூவர் தீவுக்கு 89 நீர்நாய்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அவை பெருகிய இடங்களில் கெல்ப் திரும்பியது. ஆனால் அந்தக் கரையில் தலைமுறைகளாகச் சிப்பியும் முள்ளெலியும் எடுத்துச் சாப்பிட்டுவந்த பூர்வகுடி மக்களின் உணவில் பெரும்பங்கை நீர்நாய் எடுத்துக்கொண்டது. அவர்களுக்கு இது உண்மையான இழப்பு, காடு செழித்த மகிழ்ச்சியில் அதை மறைத்துப் பேசக் கூடாது.

கலிபோர்னியாவில் நடந்தது இன்னும் சிக்கலானது. அங்கே முள்ளெலியைக் கட்டுப்படுத்த இன்னொரு வேட்டையாளரும் இருந்தது: இருபதுக்கும் மேற்பட்ட கைகளோடு ஒரு மீட்டர் வரை அகலம் வளரும் சூரியகாந்தி நட்சத்திரமீன். 2013-ல் தொடங்கிய ஒரு நோயில் அவை உருகிக் கரைந்து அழிந்தன. அந்த நோய்க்குக் காரணம் ஒரு விப்ரியோ பாக்டீரியா என்று 2025-ல்தான் தெரியவந்தது. பின்னாலேயே 2014 முதல் 2016 வரை கடல் வெப்ப அலை வந்து கெல்ப்பை நலியச் செய்தது. நீர்நாய்கள் இல்லாத வடகலிபோர்னியாவில் ஊதா முள்ளெலிகள் பெருகி, 90 சதவீதத்துக்கும் மேல் கெல்ப் காடு போனது. கெல்ப்பை நம்பியிருந்த அபலோன் என்ற கடல்நத்தைகள் பட்டினியால் செத்தன. அவற்றை எடுக்க 2018-ல் தடை வந்தது.

நீர்நாய்கள் இருக்கும், மத்திய கலிபோர்னியாவின் மான்டெரியில் காடும் பொட்டலும் திட்டுத்திட்டாகக் கலந்து நின்றன. அங்கே நீர்நாய்கள் முன்பைவிடச் சுமார் மூன்று மடங்கு முள்ளெலிகளைத் தின்றன. ஆனால் எங்கே தின்றன என்று ஆராய்ந்தபோது ஆச்சரியம் காத்திருந்தது. பொட்டலை அவை கிட்டத்தட்டத் தொடவே இல்லை. அங்கிருந்த முள்ளெலிகள் பட்டினியில் உள்ளே வெறுமையாகிக் கிடந்தன. உடைத்தால் ஓடு மட்டும்தான், சத்து இல்லை. தினமும் அவ்வளவு தின்ன வேண்டிய ஒரு விலங்கு ஏன் அதில் நேரத்தைச் செலவிடப்போகிறது? எஞ்சிய காட்டுத் திட்டுகளில் கொழுத்த முள்ளெலிகளைத் தேடித் தின்று, அந்தத் திட்டுகளை அவை காப்பாற்றின. பொட்டல் பொட்டலாகவே இருந்தது.

பட்டினி முள்ளெலியை யார்தான் தின்பார்கள்? சூரியகாந்தி நட்சத்திரமீன் தின்னும். ஆய்வகச் சோதனைகளில் அவை சத்துள்ளது, வெற்று ஓடு என்று பார்க்காமல் தின்றன. வெற்று முள்ளெலிகளை இன்னும் அதிகமாகவே தின்றன. ஆக, காட்டுக்குள் நீர்நாயும் பொட்டலில் நட்சத்திரமீனுமாக இரண்டு பேர் பார்த்துவந்த வேலையில் ஒருவர் இல்லாமல் போனதுதான் வடபசிபிக் கரையின் இன்றைய நிலை. வாஷிங்டன் மாநிலத்தின் ஃப்ரைடே ஹார்பர் ஆய்வகத்தில் சூரியகாந்தி நட்சத்திரமீன்களை முட்டையிலிருந்து வளர்த்துவருகிறார்கள். வடகலிபோர்னியாவில் முக்குளிப்பவர்கள் ஊதா முள்ளெலிகளைக் கையால் பொறுக்கியும் சுத்தியலால் உடைத்தும் சிறு சிறு பகுதிகளைத் துப்புரவாக்குகிறார்கள். நீர்நாய்களை ஓரிகன், வடகலிபோர்னியா கடலுக்குத் திரும்பக் கொண்டுவருவது பற்றி அமெரிக்க அரசின் வனவிலங்குத் துறையும் 2022-ல் ஆராய்ந்திருக்கிறது. அப்படிக் கொண்டுவந்தாலும், எங்கே கொஞ்சம் கெல்ப் எஞ்சியிருக்கிறதோ அங்கேதான் நீர்நாய்க்குத் தின்னத் தகுந்த முள்ளெலி கிடைக்கும். முதலில் நீர்நாயை அங்கே விட வேண்டும்.