ஊர் இணையத்தளமும் உடைந்த செய்தியோடையும்

வன்னியில் இணையத்தளம் அமைத்துத் தரும்படி என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர்: பழைய மாணவர் சங்கத்தினர், கோயில் பரிபாலன சபையினர், சொந்தமாக ஊர்ச்செய்தி எழுதும் இளைஞர்கள். எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான். "தம்பி, கூகுளில் எங்கள் தளம் முதலில் வரவேண்டும்." செய்தியோடையைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அது தளத்தோடு தானாகவே வந்துவிடுகிறது; கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இயங்குகிறது; உடைந்தாலும் ஒருவருக்கும் தெரிவதில்லை. ஆனால் தளத்தில் புதிதாக ஒன்று வந்திருப்பதை வாசகருக்கும் தேடுபொறிக்கும் முதலில் அறிவிப்பது பல வேளைகளில் அந்த ஓடைதான்.

ஆர்.எஸ்.எஸ். எனப்படும் இந்தச் செய்தியோடை ஒரு சிறிய கோப்பு. தளத்தில் கடைசியாக வந்த பதிவுகளின் தலைப்பு, இணைப்பு, திகதி, சுருக்கம் அல்லது முழு உள்ளடக்கம் ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்து, 2002இல் இரண்டாம் பதிப்பாக நிலைபெற்றது. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் இந்த ஓடைகளைக் கொண்டுதான் உலகெங்கும் சிதறிக்கிடந்த தமிழ் வலைப்பதிவுகளை ஒரே பக்கத்தில் சேர்த்தன. 2013 ஜூலையில் கூகுள், ஓடைகளை வாசிக்கத் தந்த தன் ரீடர் சேவையை மூடியதும் ஆர்.எஸ்.எஸ். செத்துவிட்டது என்றார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இன்று நீங்கள் கேட்கும் பொட்காஸ்ட் பெரும்பாலும் இந்த ஓடையில்தான் ஏறி வருகிறது.

ஓடையைச் சீராக வைத்திருப்பதால் மட்டும் கூகுள் உங்களை மேலே தூக்கி வைக்காது. புதிய பக்கத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும், அவ்வளவுதான். கண்டுபிடித்த பக்கம் எந்த இடத்தில் வரும் என்பதை அதில் எழுதியிருப்பதும் அதற்கு வரும் இணைப்புகளும் தீர்மானிக்கும். ஆகவே உங்கள் ஓடையை நூற்றுக்கணக்கான அடைவுகளில் சமர்ப்பித்துத் தருகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்புவோருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்த அடைவுகளில் பெரும்பாலானவற்றை எந்த மனிதரும் திறந்து பார்ப்பதில்லை.

நான் சோதித்த ஓடைகளில் அதிகம் காணும் குறை தொழில்நுட்பக் குறையே அல்ல. நம் ஊர்களில் ஓர் அறிவித்தல் எப்படி வெளியாகிறது? அலுவலகத்தில், ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறார்கள். அச்சிட்டு முத்திரை குத்துகிறார்கள். கைத்தொலைபேசியில் படம் பிடித்து வட்ஸ்அப்பில் விடுகிறார்கள். அதே படத்தைத் தளத்தில் ஏற்றுகிறார்கள். தலைப்பு "முக்கிய அறிவித்தல்". உள்ளே ஒரு படம் மட்டும். ஓடையில் இது எப்படி வந்து சேரும் என்று எண்ணிப் பாருங்கள். தலைப்பு எதையும் சொல்லவில்லை, சுருக்கம் வெறுமை, படம் ஐந்து மெகாபைட். வாசகர் தாண்டிப் போய்விடுவார். தேடுபொறிக்கோ அந்தப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு சொல்லும் இல்லை. படத்தைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் கீழே அதே செய்தியை நான்கு வரியில், எந்தக் கருவியிலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடில் தட்டச்சுச் செய்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் மற்ற எல்லாத் திருத்தங்களையும்விடப் பெரிது.

தலைப்பைப் பற்றியும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பல தளங்களின் ஓடைகளைச் சேர்த்துக் காட்டும் செயலியான ஓடை வாசிப்பானில் உங்கள் தளத்தின் அலங்காரம், சின்னம், வண்ணம் எதுவும் தெரியாது. தலைப்புகளின் வரிசை மட்டுமே தெரியும். மழைக்காலத்தில் "அவசர அறிவித்தல்" என்று ஒரு தலைப்பு வந்தால் அது யாருக்கு? "இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறப்பு: கண்டாவளை, முரசுமோட்டை மக்கள் கவனத்திற்கு" என்று இருந்தால் ஊரியானில் இருப்பவர் உடனே திறப்பார், ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய மகளும் திறப்பாள். தேடுபவர்களும் குளத்தின் பெயரையும் ஊரின் பெயரையும்தான் தட்டச்சுச் செய்வார்கள். மரண அறிவித்தலும் அப்படியே. புலம்பெயர்ந்தவர்கள் ஊர்த் தளங்களில் அதிகம் தேடுவது அதைத்தான். பெயரும் ஊரும் தலைப்பிலேயே இல்லாவிட்டால், ஒரே மாதிரியான பத்துத் தலைப்புகளுக்குள் உறவினரைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும். ஊர்ப்பெயரின் எழுத்தும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரு நாள் முல்லைத்தீவு, மறுநாள் முல்லைதீவு என்று எழுதினால் உங்கள் தளத்துக்குள்ளேயே தேடல் தடுமாறும்.

இனி எழுத்துரு. 2000களின் தொடக்கத்தில் கட்டிய பல தளங்களில் பழைய பக்கங்கள் இன்னும் பாமினியில் கிடக்கின்றன. தளம் தன்னோடு அந்த எழுத்துருவைக் கொண்டுவந்தால் உலாவியில் தமிழாகத் தெரியும். ஓடை எழுத்துருவைச் சுமந்து வராது. வாசிப்பானில் அது ஆங்கில எழுத்துகளின் குவியலாக வந்து விழும். தேடுபொறியின் கண்ணுக்கும் அதே குவியல்தான். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து ஒருமுறை வாசித்துத் திருத்தவும் வேண்டும்; ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் இடம் மாறிப் போவது வழக்கம்.

யூனிகோடிலும் ஒரு பொறி உண்டு. சொந்தமாக நிரல் எழுதிக் கட்டிய தளங்களில் சுருக்கத்தை "முதல் இருநூறு பைட்" என்று வெட்டிவிடுகிறார்கள். ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். தமிழில் எழுத்து, கொம்பு, புள்ளி என்று ஒவ்வொரு குறியும் மூன்று பைட். வெட்டு ஒரு குறியின் நடுவில் விழுந்தால், அந்த ஒரு பதிவு மட்டும் கெடுவதில்லை. கண்டிப்பான வாசிப்பான் முழு ஓடையையுமே ஏற்க மறுத்துவிடும். சாதாரண இணையப் பக்கத்தில் பிழை இருந்தால் உலாவி பொறுத்துக்கொண்டு எதையாவது காட்டும். ஓடை எழுதப்படும் எக்ஸ்.எம்.எல். வடிவத்தில் அந்தத் தாராளம் இல்லை. தலைப்பில் ஒரு கடையின் பெயரோடு '&' குறியை அப்படியே போட்டாலும், கோப்பின் முதல் வரிக்கு முன்னால் ஒரு வெற்று வரி நுழைந்தாலும் கதை முடிந்தது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ.3.சி. அமைப்பின் ஓடைச் சோதிப்பான் இலவசம். முகவரியைக் கொடுத்தால் எந்த வரியில் பிழை என்று சொல்லிவிடும்.

திகதியில் நடக்கும் குளறுபடிகள் வேடிக்கையானவை. ஓடையில் திகதி ஆங்கிலக் குறுக்கங்களில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. தளத்தின் மொழியைத் தமிழாக்கிய உற்சாகத்தில் அங்கேயும் "மார்கழி" என்று வரும்படி செய்துவிடுகிறார்கள். வாசிப்பானுக்கு மார்கழி தெரியாது. பதிவைத் திகதியற்றதாக எடுத்து எங்கோ அடியில் போட்டுவிடும். மற்றொன்று, இலங்கை நேரத்தை எழுதிவிட்டு அதைக் கிறினிச் நேரம் என்று குறிப்பது. அப்போது காலையில் போட்ட செய்தி ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் நிற்கும். 2006 ஏப்ரலில் நம் நாட்டு நேரம் மீண்டும் ஐந்தரை மணிக்கு மாறியதை அறியாமல் ஆறு மணி நேர வித்தியாசத்திலேயே ஓடும் பழைய நிரல் ஒன்றையும் பார்த்திருக்கிறேன்.

முழுக் கட்டுரையையும் ஓடையில் விடுவதா, சுருக்கம் மட்டுமா? தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். என் கட்சி முழுமைதான். மல்லாவியிலோ துணுக்காயிலோ சிக்னல் ஒரு கோடாக இறங்கும் இடத்தில் இருப்பவர், சந்தியில் நிற்கும்போது வாசிப்பானைப் புதுப்பித்துக்கொண்டால் வீட்டில் இணையமின்றியே வாசித்துவிடுவார். சுருக்கம் மட்டும் கொடுத்தால் அவர் உங்கள் தளத்துக்கு வந்துதான் ஆக வேண்டும், வரமாட்டார். "முழுதாக விட்டால் திருடுகிறார்களே" என்று கேட்பார்கள். உண்மைதான், ஓடையிலிருந்து தானாக அள்ளிக்கொண்டு வேறு பெயரில் போடும் தளங்கள் தமிழில் நிறைய உண்டு. ஒவ்வொரு பதிவின் அடியிலும் "முதலில் வெளியானது" என்று உங்கள் பக்கத்துக்கே ஓர் இணைப்பை ஓடையில் மட்டும் சேர்த்துவிடலாம். அதற்கு வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள், அதாவது சொருகிகள், இருக்கின்றன. இயந்திரமாக அள்ளுபவர் அதையும் சேர்த்தே அள்ளுவார். மூலம் எது என்று தேடுபொறி அறிய அது ஒரு தடயம். படங்களுக்கும் உள் இணைப்புகளுக்கும் முழு முகவரி கொடுங்கள். பாதி முகவரி உங்கள் தளத்துக்குள் வேலை செய்யும், வாசிப்பானில் உடைந்த சட்டமாகத் தெரியும்.

பக்க முகவரியையும் வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அங்கே ஒரு தமிழ்க் குறி ஒன்பது எழுத்துகளாக விரியும். எல்லை இருநூறு எழுத்து. "இரணைமடு வான்கதவுகள் திறப்பு" என்று மூன்று சொல் வைத்தாலே கடைசிச் சொல்லின் நடுவில் அறுந்துபோகும். கூகுளுக்குத் தமிழ் முகவரி ஒரு தடையல்ல. அறுந்த முகவரிதான் அழகில்லை. இரண்டு சொல்லில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். வெளியிட்ட பிறகு அதைத் தொடாதீர்கள். ஓடையில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. பல தளங்களில் அது முகவரியேதான். அது மாறினால் வாசிப்பான் பழைய பதிவைப் புதியதென்று நினைத்து மறுபடி காட்டும். டொமைன் மாற்றும்போது போன வருடத் திருவிழாச் செய்திகள் மொத்தமாக வந்து கொட்டுவது இதனால்தான்.

தேடுபொறிப் பக்கம் செய்ய வேண்டியவை குறைவு. தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிட்டுக் காட்டும் கோப்பு தளவரைபடம். கூகுள் ஓடையையும் ஒரு தளவரைபடமாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் வேர்ட்பிரஸ் ஓடையில் வழக்கமாகக் கடைசிப் பத்துப் பதிவுகளே இருக்கும். ஆகவே எல்லாப் பக்கங்களும் உள்ள தளவரைபடத்தையும் ஓடையையும் சேர்த்தே, தள உரிமையாளருக்கான கூகுளின் தேடல் கன்சோலில் கொடுங்கள். தளவரைபடம் புதுப்பிக்கப்பட்டதை "பிங்" செய்து அறிவிக்கும் பழைய முறையைக் கூகுள் 2023இல் கைவிட்டது. அதைச் செய்வதாகச் சொல்லும் சொருகியை நீக்கிவிடலாம். 2018இல் தரமாக்கப்பட்ட வெப்சப் என்ற உடனடி அறிவிப்பு முறைக்கான சொருகியைப் போட்டால் புதிய பதிவு வந்தவுடன் அதை ஆதரிக்கும் வாசிப்பான்களுக்குத் தானாகவே செய்தி போகும். தேடுபொறி மேம்பாடு என்ற பெயரில் இயந்திரங்கள் எதை வாசிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் ஓடையை மறித்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஓடை தேடல் முடிவில் தோன்ற வேண்டாம் என்று சொல்வது வேறு, அதை வாசிக்கவே கூடாது என்று கதவைச் சாத்துவது வேறு.

எல்லாம் சரியாக இருந்தும் வாசிப்பானில் ஒன்றும் வரவில்லையென்றால், தளத்தின் பாதுகாப்பு அரணைச் சந்தேகியுங்கள். "நீங்கள் மனிதரா" என்று கேட்டுப் பெட்டியில் புள்ளடி போடச் சொல்லும் பக்கம் வாசிப்பானையும் மறித்துவிடும். வாசிப்பான் இயந்திரம், அதனால் புள்ளடி போட முடியாது. உங்கள் உலாவியில் ஓடை நன்றாகத் திறக்கும் என்பதால் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் கண்ணில் படாது. வழங்கி நிறுவனத்துக்கு எழுதும்போது "தளம் வேலை செய்யவில்லை" என்று எழுதாதீர்கள். வேலை செய்கிறதே என்று பதில் வரும். ஓடையின் முகவரியை அப்படியே கொடுத்து, அந்த ஒரு பாதைக்கு மட்டும் மனிதச் சோதனையை நிறுத்தும்படி கேளுங்கள். பிறகு கைத்தொலைபேசியில் ஏதாவது ஒரு வாசிப்பானில் உங்கள் தளத்தை நீங்களே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஓடை நின்றால் முதலில் உங்களுக்குத் தெரியும்.