நினைக்க நினைக்க மாறும் நினைவு

தென்காசிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதிக் கேட்டிருந்தார். "சின்ன வயதில் கோயில் கொடையில் தொலைந்துபோனது நான்தான். போலீஸ்காரர் என்னை மேடையில் ஏற்றி மைக்கில் பெயர் சொன்னார், கலர் வாங்கிக் கொடுத்தார். என் தங்கையோ தொலைந்தது தான்தான் என்கிறாள். கலரின் ருசி வரைக்கும் சொல்கிறாள். அம்மாவும் இப்போது இல்லை. எங்களில் யார் பொய் சொல்கிறோம்?"

யாரும் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். இரட்டையர்களை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2001-இல் வந்த ஆய்வு அது. சிறுவயதுச் சம்பவங்களைத் தனித்தனியாகக் கேட்டபோது, ஒரே சம்பவத்தை இருவரும் "அது எனக்கு நடந்தது" என்று சொன்ன ஜோடிகள் பல. இருவரும் மனதாரச் சொன்னார்கள்.

சிறுவயது என்றால் சரி, பெரியவர்களாகி, உலகமே அதிர்ந்த நாளைக்கூட மறப்போமா என்று கேட்கலாம். அதற்கும் பதில் இருக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் ஏவப்பட்ட 73 வினாடிகளில் வானிலேயே சிதறி ஏழு பேர் இறந்தார்கள். மறுநாள் காலையே, அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்து உளவியலாளர் உல்ரிக் நைசர், முதலாண்டு மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து எழுத வைத்தார். செய்தி கேட்டபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்ற கேள்விகள்தான். இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரைத் தேடிப் பிடித்து அதே கேள்விகளைக் கேட்டார். பழைய தாளோடு ஒத்துப் பார்த்து ஏழுக்கு மதிப்பெண் போட்டபோது சராசரி மூன்றைக்கூடத் தொடவில்லை. 11 பேருக்குப் பூஜ்யம். வகுப்பில் யாரோ வந்து சொல்லித் தெரிந்துகொண்டதாக மறுநாள் எழுதிய மாணவி, பிறகு விடுதி அறையில் தோழியோடு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்ததாகச் சொன்னார். என்னை உலுக்கியது இதற்கு அடுத்த கட்டம். அவரவர் கையெழுத்தில் இருந்த பழைய தாளை எடுத்துக் காட்டினார்கள். அதைப் பார்த்த பிறகும் ஒருவருக்குக்கூடப் பழைய நினைவு திரும்பவில்லை. கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார்கள், மனதில் ஓடியது மட்டும் புதிய கதைதான்.

நினைவு மங்குவதில் வியப்பு ஒன்றும் இல்லை. மங்காமல், பளிச்சென்று, தவறாக நிற்கிறதே, அதற்குத்தான் விளக்கம் வேண்டும்.

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடுவோம். மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சந்திப்புக்குச் சினாப்ஸ் என்று பெயர். இரண்டு நரம்பணுக்கள் சேர்ந்து திரும்பத் திரும்பத் தூண்டப்பட்டால் அவற்றுக்கு இடையிலான சினாப்ஸ் வலுப்படும். சில நிமிட நினைவுக்கு, இருக்கும் புரதங்களில் சின்ன மாற்றம் போதும். நாள்கணக்கில் நிற்க வேண்டுமென்றால் நரம்பணுவின் மரபணுக்கள் முடுக்கிவிடப்பட்டு, புதுப் புரதங்கள் உருவாகி, சினாப்ஸின் கட்டமைப்பே மாற வேண்டும். கடல் நத்தையை வைத்து இதைக் காட்டியவர்களில் முதன்மையானவர் எரிக் காண்டல். 2000-இல் நோபல் பரிசு வாங்கினார். அனுபவ நினைவுகள் முதலில் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியை நம்பியிருக்கின்றன என்பதை, 1953-இல் வலிப்பு நோய்க்காக அந்தப் பகுதியின் பெரும்பங்கை இரு பக்கமும் அகற்றப்பட்ட ஹென்றி மொலைசன் வழியாக உலகம் அறிந்தது. சிறுவயது நினைவுகள் அவருக்கு இருந்தன. அறுவைக்குப் பின் சந்தித்த மருத்துவரைத்தான் ஒவ்வொரு முறையும் புது ஆளாகப் பார்த்தார்.

இதையெல்லாம் வைத்து நூறாண்டுகளாக ஒரு கருத்து நிலவியது. புது நினைவு சில மணி நேரம் இளகி இருக்கும், அதற்குள் அடிபட்டால் கலையும், புரதம் சேர்ந்து இறுகிவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் அப்படியே. விபத்தில் தலையில் அடிபட்டவர்களுக்குக் கடைசிச் சில நிமிடங்கள் மட்டும் மறந்துபோவதை இது அழகாக விளக்கியதால் பெரும்பாலோர் சந்தேகப்படவில்லை.

1999-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில், ஜோசப் லெடூவின் ஆய்வகத்தில் வேலை பார்த்த கரீம் நாடர் என்ற இளைஞர் காண்டலின் சொற்பொழிவைக் கேட்டுவிட்டு ஒரு கேள்வியோடு வந்தார். நினைவு உருவாகப் புதுப் புரதம் வேண்டும், சரி. உருவான நினைவை எடுத்துப் பார்க்கும்போது என்ன நடக்கிறது? இது பலிக்காது என்றுதான் லெடூவே நினைத்தார். நாடர் செய்து பார்த்தார்.

நான் பல முறை வாசித்தும் அலுக்காத ஆய்வு இது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஓர் எலி. கூண்டுக்குள் ஓர் ஒலி எழுகிறது, ஒலி முடியும் தறுவாயில் காலடியில் உள்ள கம்பிகளில் சுருக்கென்று மின்சாரம். ஒரே ஒரு முறைதான். எலிக்கு அது போதும். அடுத்த நாள் ஒலி மட்டும் கேட்டாலே உறைந்து நிற்கும். எலியின் பயத்தை அளப்பது சுலபம். பயந்த எலி ஓடாது, மீசைகூட அசையாமல், மூச்சுக்கு விலா ஏறி இறங்குவதைத் தவிர வேறு அசைவே இல்லாமல் நிற்கும். எத்தனை நேரம் அப்படி நிற்கிறது என்பதே பயத்தின் அளவு.

பயத்தின் நினைவு தங்குமிடம் அமிக்டலா, பாதாம்பருப்பு அளவும் வடிவமும் கொண்ட மூளைப் பகுதி (இந்த அளவு நமக்கு, எலிக்கு இன்னும் சின்னது). எலியின் அமிக்டலாவுக்குள் மெல்லிய குழாய்களை முன்பே பொருத்தி வைத்திருந்தார்கள். அனிசோமைசின் என்று ஒரு மருந்து உண்டு. உயிரணுக்களில் புதுப் புரதம் உருவாவதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிடும். பயம் கற்றுக்கொடுத்து ஒரு நாள் கழித்து, அதாவது நினைவு நன்றாக இறுகியிருக்க வேண்டிய நேரத்தில், நாடர் எலிக்கு ஒலியை ஒரு முறை கேட்க வைத்தார். எலி உறைந்தது. உடனே குழாய் வழியாக மருந்து.

நான்கு மணி நேரம் கழித்து ஒலியைக் கேட்ட எலிகள் பழையபடி உறைந்தன. ஒரு நாள் கழித்து ஒலியைக் கேட்ட எலிகளோ அவ்வளவாகக் கண்டுகொள்ளவே இல்லை. பயம் பெரும்பாலும் போய்விட்டிருந்தது.

மருந்து அமிக்டலாவையே கெடுத்துவிட்டதோ? அதனால்தான் இன்னொரு கூட்டம் எலிகளுக்கு ஒலியைக் கேட்க வைக்காமல் அதே மருந்தைக் கொடுத்தார்கள். அவற்றின் பயம் ஒரு துளி குறையவில்லை. ஒலியைக் கேட்க வைத்து ஆறு மணி நேரம் கழித்து மருந்து கொடுத்தபோதும் பயம் அப்படியே இருந்தது. ஆக, நினைவை எடுத்துப் பார்த்தால்தான் அது இளகுகிறது, இளகியிருப்பதும் சில மணி நேரம்தான். அந்த நேரத்துக்குள் புதுப் புரதங்களைக் கொண்டு அதை மறுபடி கட்ட வேண்டும், கட்டாவிட்டால் கையை விட்டுப் போய்விடும். இரண்டு வாரம் பழகிய நினைவுக்கும் இதுவேதான் நடந்தது. 2000-இல் நேச்சர் இதழில் வெளியானது. மறு உறுதிப்பாடு என்று இதைச் சொல்லலாம்.

என் மனசை அரிக்கும் விஷயம் ஒன்று. இதற்கு 32 ஆண்டுகள் முன்பே, 1968-இல், டொனால்ட் லூயிஸ் குழு கிட்டத்தட்ட இதையே கண்டிருந்தது. எலிகளுக்குப் பழைய பயத்தை நினைவூட்டி உடனே மூளைக்கு மின் அதிர்ச்சி கொடுத்தபோது அந்த நினைவு போனது. அப்போதைய கொள்கைக்குள் அது அடங்காததால் ஓரமாகக் கிடந்தது. எலி உறைந்து நிற்பதை நேரம் குறித்துக்கொண்டு பார்ப்பதற்கெல்லாம் எதற்குக் காசு என்று கேட்பவர்கள் நம் ஊரில் நிறைய. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு இந்தியா செலவிடுவது 0.64 சதவீதம்தான். உடனடிப் பயன் என்ன என்ற கட்டம் எல்லா விண்ணப்பப் படிவத்திலும் இருக்கிறது. நாடர் அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்க முடியும்?

நினைவு அழிகிறதா, எட்டாத இடத்துக்குப் போகிறதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இப்படி மருந்தால் மறக்க வைத்த சுண்டெலிகளில், அந்த நினைவைச் சுமந்த நரம்பணுக்களை மட்டும் ஒளி பாய்ச்சித் தூண்டியபோது பயம் திரும்பி வந்ததை 2015-இல் சுசுமு டோனெகாவாவின் குழு காட்டியது. எடுத்த நினைவெல்லாம் இளகிவிடும் என்பதும் இல்லை. எதிர்பார்த்ததற்கும் நடப்பதற்கும் கொஞ்சமாவது வித்தியாசம் இருந்தால்தான் இளகும் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு இது மிகப் பொருத்தமாகவே படுகிறது. கடந்ததை அப்படியே காப்பாற்றி வைப்பதால் ஓர் உயிருக்கு என்ன லாபம்? போன மாதம் பாம்பு கிடந்த வரப்பு இப்போது எப்படி இருக்கிறது என்பதுதான் அதற்கு வேண்டும். பழைய நினைவைத் திறந்து, புதுச் சேதியைச் சேர்த்து மூடும் மூளைதான் பிழைத்து வந்திருக்கிறது.

மனிதர்களிடம்? பெட்டி நிறையப் பொருள்களை வைத்து அல்முட் ஹுப்பாக்கும் அரிசோனா பல்கலைக்கழகத்தில் அவரோடு இருந்தவர்களும் செய்த ஆய்வு எளிமையானது. முதல் நாள் ஒரு நீலக் கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி 20 பொருள்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து வேறு 20 பொருள்கள். இதற்கு முன் ஒரு பாதிப் பேரிடம் மட்டும், அன்றைக்கு என்ன செய்தோம், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தொடங்கினார்கள். இன்னும் இரண்டு நாள் கழித்து முதல் நாள் பொருள்களைச் சொல்லச் சொன்னால், நினைவூட்டப்பட்டவர்களின் பட்டியலில் இரண்டாம் கூட்டப் பொருள்கள் புகுந்திருந்தன. மற்றவர்களிடம் அப்படி இல்லை. இரண்டாம் கூட்டப் பொருள்களைப் படித்த அன்றே கேட்டுப் பார்த்தால் கலப்பு தெரியவில்லை, எலிக்கு ஆனதுபோலவே நேரம் பிடித்தது. எலியின் பயமும் நம் அனுபவ நினைவும் ஒன்றல்ல, மூளையில் அவற்றின் இடமும் வேறு. ஆனாலும் சாயல் தெரிகிறது.

கச்சேரியில் கீர்த்தனையை எடுத்துப் பாடும் வித்வான் தன் பங்குக்கு ஒரு சங்கதி சேர்க்கிறார், அதைக் கேட்டுப் பாடம் பண்ணும் சீடருக்கு அந்தச் சங்கதியும் பாட்டுதான். நாம் நமக்கே அப்படிச் சீடர்கள். பத்தாவது முறை நினைக்கும்போது ஒன்பதாவது முறை நினைத்ததையும் சேர்த்தே நினைக்கிறோம். அதிகம் சொன்ன கதைதான் அதிகம் தெளிவாக இருக்கும், அதிகம் மாறியிருக்க வாய்ப்புள்ளதும் அதுவே.

வீட்டுக்குள் இது சண்டையோடு போகும். நீதிமன்றத்தில் ஆளையே அழித்துவிடும். 1974-இல் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ், கார் விபத்துப் படம் ஒன்றை மாணவர்களுக்குக் காட்டினார். கார்கள் "இடித்தபோது" என்ன வேகம் என்று 50 பேரிடமும், "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்று வேறு 50 பேரிடமும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டதற்கு முதல் கூட்டத்தில் 7 பேரும் இரண்டாம் கூட்டத்தில் 16 பேரும் ஆமாம் என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

1984-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு மாணவியைப் பலாத்காரம் செய்தவன் என்று ரொனால்ட் காட்டன் கைதானார். தாக்கியவனின் முகத்தை மனதில் பதித்துக்கொள்ள அந்தப் பெண் அந்த நேரத்திலும் பாடுபட்டிருந்தார். புகைப்பட வரிசையில் கொஞ்சம் தயங்கித்தான் காட்டனைக் காட்டினார். பிறகு ஆட்களை நிறுத்திக் காட்டியபோதும் அவரையே காட்டினார். புகைப்படத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த அதே ஆள்தான் என்று அப்போது போலீஸ் சொன்னது. வழக்கு விசாரணைக்கு வந்தபோது அந்தப் பெண்ணுக்குத் தயக்கமே இல்லை. அதற்குள் காட்டனின் முகம் நினைவுக்குள் குடியேறிவிட்டது. பின்னால் உண்மைக் குற்றவாளியையே நீதிமன்றத்தில் கண் முன் நிறுத்தியும் அவருக்குத் தெரியவில்லை. 1995-இல் டி.என்.ஏ. சோதனை காட்டனை விடுவித்தபோது சிறையில் பத்தாண்டுகளுக்கு மேல் போயிருந்தது. டி.என்.ஏ.வால் அமெரிக்காவில் விடுதலையானவர்களின் வழக்குகளில் சுமார் 70 சதவீதத்தில் சாட்சி ஆளைத் தவறாக அடையாளம் காட்டியிருக்கிறார்.

இவ்வளவு தெரிந்த பிறகும், நினைவு எங்கோ பழுதில்லாமல் புதைந்திருக்கிறது, தோண்டினால் வரும் என்ற நம்பிக்கை போகவில்லை. ஹிப்னாடிசம் செய்து முற்பிறவியை நினைவூட்டுகிறோம் என்று காசு வாங்குகிறார்கள். கனடாவில் நிக்கோலஸ் ஸ்பானோஸ் என்ற உளவியலாளர் இதைச் சோதித்தார். முற்பிறவியில் வேறு பாலினமாகவோ வேறு இனமாகவோ இருப்பது சகஜம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் அப்படிப்பட்ட பிறவிகளையே அதிகம் "நினைவுகூர்ந்தார்கள்". துக்கத்தில் இருப்பவரின் தலைக்குள் இல்லாத நினைவை நட்டுவிட்டுக் கட்டணம் வாங்குவது கொடுமை. ஊசி போட்டு உண்மையை வரவழைப்பதாகச் சொல்லும் நார்கோ சோதனையும் எனக்கு இதே வகைதான். அரை மயக்கத்தில் இருப்பவர் கேட்பவரின் சொல்லுக்கு இன்னும் எளிதாக வளைவார். சம்மதமில்லாமல் யாருக்கும் அதைச் செய்யக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் பரபரப்பான வழக்கு ஒவ்வொன்றிலும் நார்கோ வேண்டும் என்ற குரல் எழுகிறது.

பலரை வரிசையில் நிறுத்திச் சாட்சியை ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு நம் நாட்டில் மாஜிஸ்திரேட் முன்னிலையில், போலீசை விலக்கி வைத்து நடக்கிறது. கைதானவரை அதுவரை முகத்தைத் துணியால் மூடி அழைத்து வருவதும் சாட்சியின் நினைவில் அந்த முகம் முன்கூட்டியே ஏறிவிடக் கூடாது என்பதற்காகத்தான். நல்ல ஏற்பாடு. ஆனால் கைதான ஒரு மணி நேரத்துக்குள் படம் டி.வி.யிலும் வாட்ஸ்அப்பிலும் வந்துவிட்டால் துணி எதற்கு? அணிவகுப்பை நாள் கடத்தாமல் நடத்த வேண்டும். அதை நடத்துபவருக்கே சந்தேகத்துக்குரியவர் யார் என்று தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. சாட்சி கை நீட்டிய அந்த நிமிடமே, யாரும் "சரியாகச் சொன்னீர்கள்" என்று சொல்வதற்கு முன், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்று கேட்டு, அவர் வாயிலிருந்து வந்த சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். பல மாதம் கழித்துக் கூண்டில் ஏறி அவர் காட்டும் உறுதியை நீதிபதி அந்தத் தாளோடு வைத்துப் பார்க்கலாம்.