விரிசலின் நுனியில் தொடங்குங்கள்

தீபாவளி நெருங்கினால் மலேசியாவின் சுங்கை சிப்புட் வீடுகளில் அலமாரி மேலிருந்து பெட்டிகள் இறங்கும். ரப்பர் தோட்டத்து லைன் வீட்டில் இருந்தபோது வாங்கியவை, தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிக்குக் குடிமாறியபோது கூடவே வந்தவை. சாமி மேடையில் ஜோடியாக நிற்கும் சிவப்புத் தாமரை விளக்கு, கண்ணாடி மணி மாதிரி மின்னும் பிளாஸ்டிக் சரவிளக்கு, உள்ளே அருவிப் படம் சுற்றிக்கொண்டே இருக்கும் மேசை விளக்கு. பல்பும் ஒயரும் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். தாமரை இதழ் ஒன்று உடைந்தால் அதற்கு மாற்று கிடையாது. ஆகவே வீட்டில் இருக்கும் சூப்பர் குளூவில் ஒரு சொட்டு விட்டு அமுக்கிப் பிடிக்கிறோம். அடுத்த வருஷம் அந்த ஒட்டுக்குக் கொஞ்சம் தள்ளி இன்னொரு விரிசல் நிற்கிறது.

பழி பசை மேல் விழுகிறது. பெரும்பாலும் பசை தன் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கும். விரிசலை இழுத்துக்கொண்டு போன விசை அப்படியே இருப்பதுதான் சிக்கல். என் கணக்கில் பசையை எடுப்பது இந்த வேலையின் பிற்பாதி.

விரிசல் ஒரு கோடு போலத் தெரிந்தாலும், அதில் உயிரோடு இருப்பது நுனி மட்டும்தான். பொருளை இழுக்கும்போது விசை அதன் உடல் முழுவதும் சமமாகப் பரவ வேண்டும். நடுவே வெட்டு இருந்தால் விசை அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. சுற்றும் இடத்தில் நெரிசலாகிறது. இந்த நெரிசலைக் கணக்காக்கியவர் சார்ல்ஸ் இங்லிஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். கப்பல் தகடுகளை மனத்தில் வைத்து 1913இல் அவர் எழுதிய கணக்கு, தாமரை விளக்குக்கும் பொருந்துகிறது. விரிசலின் நீளத்தை நுனியின் ஆரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் நுனியில் விசை எத்தனை மடங்காகிறது என்று தெரியும். 20 மில்லிமீட்டர் விரிசல், நுனியின் ஆரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 280 மடங்கு வருகிறது. அதே நுனியில் 1.5 மில்லிமீட்டர் துளை ஒன்றைப் போட்டால் ஆரம் 0.75 ஆகிவிடும், 280 மடங்கு 11 ஆக இறங்கிவிடும். உண்மையான பிளாஸ்டிக்கில் நுனி சற்று இளகி மழுங்குவதால் எண்கள் இவ்வளவு கச்சிதமாக வராது. ஆனாலும் விரிந்ததை நிறுத்த இன்னும் கொஞ்சம் துளைப்பது ஏன் புத்திசாலித்தனம் என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

துளை சரியாக நுனியில் விழ வேண்டும். விளக்கை இருட்டில் வைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் விரிசல் வெள்ளியாக மின்னும். கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிவதைவிட அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீண்டிருக்கும். அந்த இடத்தில் சிறிய துளை. டிரில்லை மெதுவாக, அழுத்தாமல் ஓட்டுங்கள். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி ஊசியில் சுற்றிக்கொள்ளும்.

அடுத்த கேள்வி, இழுப்பது எது? பாதி விளக்குகளில் பதில் ஸ்குரூவில் இருக்கிறது. கண்ணாடி போன்ற அக்ரிலிக் பிளாஸ்டிக் சூட்டில் விரிவது இரும்பைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு. 100 மில்லிமீட்டர் நீளத் துண்டு 40 டிகிரி சூடேறினால் அக்ரிலிக் 0.28 மில்லிமீட்டர் நீளும். அதைப் பிடித்திருக்கும் இரும்பு வளையம் 0.05 மட்டுமே நீளும். தினமும் மாலையில் விளக்கு ஏற்றி இரவில் அணைத்தால், இந்த இழுபறி ஸ்குரூ துளையின் ஓரத்தில் தினமும் நடக்கிறது. ஒட்டிய பிறகு ஸ்குரூவை மறுபடி இறுக்கி முறுக்குவது ஒட்டியதைக் கையால் பிரிப்பதற்குச் சமம். துளையைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், ரப்பர் வாஷர் போடுங்கள், விளக்கு ஆடாத அளவுக்கு மட்டும் திருகுங்கள்.

மீதிப் பாதிக்குக் காரணம் நம் பக்திதான் என்றால் கோபித்துக்கொள்ளக் கூடாது. சாமி மேடையில் மின்விளக்குக்குப் பக்கத்திலேயே நல்லெண்ணெய் விளக்கு எரிகிறது. திரியைத் தூண்டிய விரல் அப்படியே தாமரையைத் தொடுகிறது. அந்தத் தாமரை பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்காக இருந்தால் எண்ணெய் அதன் எதிரி. எண்ணெய் அதைக் கரைப்பதில்லை. ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் இடங்களில் மட்டும் நுழைந்து, ஒன்றையொன்று பிடித்திருக்கும் மூலக்கூறுச் சங்கிலிகளை வழுக்க வைக்கிறது. இழுப்பு இல்லாத இடத்தில் அதே எண்ணெய் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். எண்ணெய் இல்லாத இடத்தில் அதே இழுப்பு வருஷக்கணக்கில் தாங்கும். இரண்டும் சந்தித்தால் முதலில் தலைமுடி போன்ற வெண்கோடுகள், பிறகு விரிசல். ஐஸ்பெட்டியின் உட்சுவரைச் செய்யும் நிறுவனங்கள் இதை நன்றாக அறியும். நெய்யும் கொழுப்பும் பட்டு அது வெடிக்காமல் இருக்கத் தனிவகைப் பிளாஸ்டிக்கையே தேர்ந்தெடுக்கின்றன. பார்க்க ஆசையென்றால், பழைய சிடி உறையின் மூடியிலிருந்து ஒரு பட்டையை நறுக்கி, லேசாக வளைத்துப் பிடித்து, வளைவின் மேல்பக்கம் ஒரு துளி மண்ணெண்ணெய் விடுங்கள். சிடி உறையும் பாலிஸ்டைரீன்தான். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம், பக்கத்தில் தீ கூடாது.

எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. பிளாஸ்டிக்குக்குக் கூடாது, தின்னரும் ஸ்பிரிட்டும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய தூரிகை. ஒட்டுவதற்கு முன்பும் இதேதான், ஏனென்றால் கற்பூரக் கரியும் எண்ணெயும் படிந்த பரப்பில் எந்தப் பசையும் பிளாஸ்டிக்கைத் தொடவே தொடாது.

வெறும் பாலிஸ்டைரீன் இப்படி நொறுங்கும் குணம் உள்ளது என்பதால், அதில் நுண்ணிய ரப்பர் துணுக்குகளைக் கலந்து உறுதியாக்கும் முறை வந்தது. ஏ.பி.எஸ். என்று சொல்லும் கெட்டிப் பிளாஸ்டிக்கும் அந்த வகைதான். ஓடிவரும் விரிசல் ஒரு ரப்பர் துணுக்கில் மோதும்போது அதன் சக்தி பல சிறு வெண்கோடுகளாகச் சிதறிவிடுகிறது. உள்ளே இருப்பது ரப்பர் மரத்துப் பால் அல்ல, ஆலையில் செய்த ரப்பர். இருந்தும் குணம் ஒன்றுதான்: வெயிலும் காற்றும் முதலில் தாக்குவது ரப்பரைத்தான். வெயிலில் மறந்துபோன ரப்பர் ஷீட் என்ன ஆகும் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். சன்னல் ஓரத்தில் வைத்த ஏ.பி.எஸ். விளக்கு மஞ்சளாகிறது என்றால் உள்ளே ரப்பர் செத்துக்கொண்டிருக்கிறது. மேல்தோல் மறுபடியும் நொறுங்கும் பொருளாகிவிட்டது. அப்படிப்பட்ட துண்டை வளைத்துப் பொருத்த முயலாதீர்கள்.

எந்தப் பிளாஸ்டிக் என்று கண்டுபிடிக்கச் சிலர் கொளுத்தி முகர்ந்து பார்க்கச் சொல்வார்கள். பி.வி.சி.யாக இருந்தால் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு வரும், வேண்டாம். உப்புத் தண்ணீர் போதும். உள்பக்கத்திலிருந்து ஒரு சிறு துணுக்கைச் சுரண்டி எடுத்து நல்ல தண்ணீரில் போட்டுக் குமிழி ஒட்டாமல் தட்டிவிடுங்கள். மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். மூழ்கினால், கால் லிட்டர் தண்ணீரில் 45 கிராம் உப்பைக் கரைத்து அதில் போடுங்கள். இந்தக் கரைசலின் அடர்த்தி சுமார் 1.11. பாலிஸ்டைரீனும் ஏ.பி.எஸ்.ஸும் 1.05 அளவில் இருப்பதால் இதில் மிதக்கும். அக்ரிலிக் 1.18, மூழ்கும், பி.வி.சி.யும் பேக்கலைட் என்ற பழைய கெட்டிப் பிளாஸ்டிக்கும் அதைவிடக் கனம். மிதந்ததில் எது எது என்பதை ஓசை சொல்லும்: தெளிந்த பாலிஸ்டைரீனை மேசையில் தட்டினால் உலோகம் போல் கிணுங்கும், ஏ.பி.எஸ். மந்தமாகத் தட்டும்.

இனிதான் ஒட்டுவது. ஒட்டுவதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, இரண்டு பரப்புகளுக்கு நடுவே மூன்றாவது ஒரு பொருள் உட்கார்ந்து இரண்டையும் பிடித்துக்கொள்வது. மற்றது, இரண்டு பரப்புகளின் சங்கிலிகளே எல்லை தாண்டி ஒன்றுக்குள் ஒன்று போய்ச் சிக்கிக்கொள்வது. புகைபோட்ட ரப்பர் ஷீட்டுகளை அமுக்கிப் பேல் கட்டி அடுக்கினால் ஒரு பேல் மற்றொன்றோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் மேலே டால்க் பூசுகிறார்கள். அங்கே பசை எதுவும் இல்லை. ரப்பரின் சங்கிலிகள் சாதாரணச் சூட்டிலேயே ஊர்ந்து திரிவதால் அடுத்த பேலுக்குள்ளும் நுழைந்துவிடுகின்றன. பாலிஸ்டைரீன், அக்ரிலிக் சங்கிலிகள் சுமார் 100 டிகிரி வரை உறைந்தே கிடக்கும். கரைப்பானை விட்டால் சிறிது நேரத்துக்கு அவை ரப்பர் போல் ஊரத் தொடங்குகின்றன. கரைப்பான் ஆவியானதும் சிக்கிய நிலையிலேயே மறுபடி உறைகின்றன. விரிசல் இருந்த இடத்தில் இப்போது அதே பிளாஸ்டிக் இருக்கிறது. முடிகிற இடத்தில் எல்லாம் நான் இந்த ரகத்தைத்தான் சொல்வேன்.

ஏ.பி.எஸ்.ஸுக்கு அசிட்டோன். அதே பிளாஸ்டிக்கின் துருவலை அசிட்டோனில் ஊறவைத்தால் தேன் பதத்தில் குழம்பு கிடைக்கும். இடைவெளி உள்ள விரிசலை அதனால் நிரப்பலாம். துருவலுக்கு உடைந்த லெகோ கட்டை நல்ல மூலம், நிறமும் பொருத்தமாகத் தேடிக்கொள்ளலாம். அக்ரிலிக்குக்குப் பெயர்ப்பலகைக் கடைகளில் பயன்படுத்தும், தண்ணீர் போல ஓடும் பசை. துண்டுகளை முதலில் பொருத்தி டேப் ஒட்டிவிட்டு, ஊசி முனையால் ஒரு துளி தொட்டால் போதும். மெல்லிய இடுக்கு அதைத் தானே உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். இந்தக் கரைப்பான்களின் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், அசிட்டோன் சட்டெனத் தீப்பிடிக்கும். அஞ்சடியில், அதாவது வீட்டு முன்தாழ்வாரத்தில், உட்கார்ந்து செய்யுங்கள், சாமி அறையில் வேண்டாம். ஒட்டியது கையில் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே கரைப்பான் மிச்சம் இருக்கும், ஒன்றிரண்டு நாள் பல்பு போடக் கூடாது.

நம் ஊர்க் காற்று இதில் ஒரு வம்பு செய்யும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. மழை விட்ட மாலையில் காற்று ஈரத்தால் நிரம்பியிருக்க, குளிர்ந்த பரப்பில் பனித்துளி போல நீர் படிகிறது. கரைந்திருந்த பிளாஸ்டிக் அந்த நீரால் திரிந்து, நுண்ணிய ஓட்டைகளோடு உறைகிறது. ஒட்டிய இடம் பால் வெள்ளையாக மங்கிவிடும். வெயில் ஏறிய காலையில், காற்று சற்று உலர்ந்திருக்கும்போது செய்தால் இந்தத் தொல்லை குறைவு.

சூப்பர் குளூவுக்கு ஈரம் வேறு விதத்தில் வேலை செய்கிறது. அமெரிக்காவில் ஹாரி கூவரின் குழு 1942இல் துப்பாக்கிக் குறிபார்ப்புக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடியபோது தற்செயலாகக் கிடைத்த பொருள் அது; 1958இல் விற்பனைக்கு வந்தது. பரப்பில் படிந்திருக்கும் நீர்தான் அதைக் கெட்டியாக்கத் தொடங்கி வைக்கிறது. நம் ஊரில் கண்மூடித் திறப்பதற்குள் பிடித்துவிடும், தப்பாக வைத்தால் திருத்த நேரம் கிடைக்காது. மிச்ச ஆவி பக்கத்துப் பரப்பில் வெள்ளைப் பூஞ்சை மாதிரி படியும். குறைவாக விட்டு, மெல்லிய ஃபேன் காற்றில் வைத்தால் அதைத் தவிர்க்கலாம். சாதாரண ரகம் 80 டிகிரிக்கு மேல் பலம் இழக்கிறது. பழைய இழை பல்பு மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே விடுவதால், அதன் தலைக்கு மேலுள்ள இதழில் இந்தப் பசை தாங்குமா என்று யோசித்தே விட வேண்டும்.

தெளிந்த பாகங்களில் ஒட்டிய தழும்பு தெரிவதும் தெரியாததும், பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண்ணைப் பொறுத்தது. அக்ரிலிக்கின் எண் 1.49, காற்றின் எண் 1. இந்த வேறுபாட்டால் விரிசலின் ஒவ்வொரு முகமும் நேராக விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. சாய்ந்து வரும் ஒளியோ 42 டிகிரிக்கு மேல் முழுவதுமாகத் திரும்பிவிடும். விரிசல் வெள்ளியாக மின்னுவது அதனால்தான். காற்று இருந்த இடத்தில் 1.5 அளவு எண் கொண்ட பசை நிறைந்தால் ஒளிக்கு அங்கே எல்லையே தெரியாது, நேராகப் போய்விடும். உள்ளே ஒரு காற்றுக் குமிழி மாட்டினால் போதும், அது மட்டும் நட்சத்திரம் போல எரியும்.

இந்த வழிகளுக்கு அடங்காதவையும் உண்டு. நல்ல தண்ணீரில் மிதந்த பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் பூக்களில் எந்தப் பசையும் பரவாமல் முத்தாகத் திரண்டு நிற்கும். அதே ரகப் பிளாஸ்டிக் துண்டை சால்டரிங் கம்பியால் உருக்கி வார்ப்பதுதான் வழி. லியோ பேக்லண்ட் 1907இல் உருவாக்கிய பேக்கலைட்டில் சங்கிலிகள் வலையாகப் பின்னிக் கிடப்பதால் சூட்டுக்கும் இளகாது, கரைப்பானுக்கும் இளகாது. அலங்காரப் பாகமென்றால் எப்பாக்சிப் பசை போடலாம். பல்பு மாட்டும் ஹோல்டரோ சுவிட்ச்சோ விரிசல் விட்டிருந்தால் ஒட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். 230 வோல்ட் ஓடும் இடம் அது, புதிதாக மாற்றுங்கள். அருவிப் படம் சுற்றும் உருளை செல்லுலோஸ் அசிட்டேட் தாளாக இருந்து, பெட்டியைத் திறந்ததும் புளித்த நெடி அடித்தால் அது தன்னையே தின்னத் தொடங்கிவிட்டது. ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட்டைத் தோட்டத்து ஸ்டோரில் முகர்ந்தவர்களுக்கு அந்த நெடி புதிதல்ல, அசெட்டிக் அமிலமும் அந்த வேலைக்குப் பயன்பட்டதுதான். வெளியேறும் அமிலமே அழிவை இன்னும் வேகப்படுத்துவதால், அந்த உருளையைக் காற்றோட்டமாகத் தனியே வைத்து, படத்தை ஸ்கேன் செய்து புதுத் தாளில் அச்சிட்டுக்கொள்வது நல்லது.

மற்ற விளக்குகளில் பழைய பல்பை எல்.இ.டி.யாக மாற்றினால் சூடு தணிந்து ஒட்டு நெடுநாள் இருக்கும். சுற்றும் விளக்கில் மட்டும் அது செல்லாது. பல்பின் சூட்டில் மேலெழும் காற்றுதான் மேலே உள்ள இறக்கைகளைத் தள்ளி உருளையைச் சுழற்றுகிறது, எல்.இ.டி. போட்டால் அருவி அப்படியே நின்றுவிடும். அதற்கு, விளக்கில் குறித்திருக்கும் வாட்டுக்கு மேல் போகாத இழை பல்பு வேண்டும், ஏற்றி வைக்கும் நேரத்தையும் குறைக்க வேண்டும்.

பெட்டியில் திரும்ப வைக்கும்போது ஒயரை விளக்கின் மேல் சுற்றாதீர்கள். பி.வி.சி. ஒயரை வளைய வைக்கும் எண்ணெய்த்தன்மையான பொருள் மெல்லக் கசிந்து பாலிஸ்டைரீனை இளக்கும். ஒயர் கிடந்த இடத்தில் உருகியது மாதிரி பள்ளம் விழும். ஒயரைத் தனியாகச் சுருட்டி, விளக்கை வெள்ளைத் துணியில் சுற்றி வையுங்கள்.