கந்தகப் புகையைக் கழுவக் கொட்டியாரக் கடல் போதுமா?

மூதூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சம்பூரில் நிலக்கரி வேண்டாம் என்று நிறுத்தினார்கள். வெளிநாடுகளில் அரசும் கம்பனிகளும் சேர்ந்து உருவாக்கிய சுத்தமான நிலக்கரித் தொழினுட்பத்தை இங்கே பொருத்தியிருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்காதா?"

ஒரு பகுதி தீர்ந்திருக்கும். அந்தப் பகுதிக்கு, சம்பூரை ஒட்டிய கொட்டியாரக் குடாவின் தண்ணீரே போதும் என்பதைச் சாதாரண தர இரசாயனத்தை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டலாம்.

சம்பூர் நிலக்கரி ஆலை, இந்தியாவின் அரச மின் நிறுவனமான என்ரிபிசியும் இலங்கை மின்சார சபையும் 2011 செப்டெம்பரில் சரிபாதிப் பங்கில் கைச்சாத்திட்ட திட்டம். 250 மெகாவாட் அலகுகள் இரண்டு, மொத்தம் 500. அங்கே நிலக்கரி ஆலை கட்டப்படாது என்று 2016 செப்டெம்பரில் உயர் நீதிமன்றத்துக்கு அரசு அறிவித்தது.

நிலக்கரியை எரித்து, நீராவியாக்கி, சுழலியைச் சுற்றுவது தெரிந்த கதை. புகையோடு நான்கு சங்கதிகள் வெளியேறும். பறக்கும் சாம்பலை உயர் மின்னழுத்தத் தகடுகள் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். நைதரசன் ஒட்சைட்டுகளைக் குறைக்கச் சுவாலையின் தொடக்கத்தில் காற்றைக் குறைவாகக் கொடுத்து, மிச்சத்தை மேலே கொடுத்தால் பாதியளவு குறையும். மூன்றாவது கந்தகவீரொட்சைட்டு. நான்காவது காபனீரொட்சைட்டு, அதற்குப் பிறகு வருவோம்.

கந்தகவீரொட்சைட்டுக்கு உலகம் முழுக்கப் பழகிய வழி, சுண்ணாம்புக்கல் தூளைக் குழம்பாக்கிப் புகையில் தெளிப்பது. ஜிப்சம் கிடைக்கும், ஆனால் கல்லை ஏற்றி வர வேண்டும், ஜிப்சத்தை ஏற்றிப் போக வேண்டும். கடற்கரை ஆலைக்கு இந்த லொறிகள் தேவையில்லை. மும்பை டிரோம்பேயில் 1988 முதலே கடல்நீரால் புகை கழுவுகிறார்கள். நம் நுரைச்சோலை நிலக்கரி ஆலையிலும் கடல்நீர்தான்.

கடல்நீரில் இருகாபனேற்று அயன்கள் உண்டு. லீற்றருக்கு ஏறத்தாழ 2.3 மில்லிமோல் காரத்தன்மை, அதாவது அவ்வளவு அமிலத்தை நடுநிலையாக்கும் திறன். புகை கீழிருந்து மேலே போக, கோபுரத்தின் உச்சியிலிருந்து கடல்நீர் பொழியும். கந்தகவீரொட்சைட்டு நீரில் கரைந்து இருசல்பைற்று அயனாகவும் ஐதரசன் அயனாகவும் பிரிகிறது. கோபுரத்தின் அடியில் சேரும் நீரின் பிஎச் 8இலிருந்து 3 வரை இறங்கிவிடும். இதை அப்படியே கடலில் விடக்கூடாது. காற்றூட்டத் தொட்டிக்கு அனுப்பிக் காற்றை ஊதினால் இருசல்பைற்று சல்பேற்றாக மாறும். அப்போது இன்னோர் ஐதரசன் அயன் பிறக்கும். ஆக, ஒரு மூலக்கூறு கந்தகவீரொட்சைட்டுக்கு இரண்டு ஐதரசன் அயன்கள். இரண்டையும் இருகாபனேற்று பிடித்து நீரும் காபனீரொட்சைட்டுமாக மாற்றுகிறது. அந்த வாயுவையும் ஊதும் காற்றே வெளியே தள்ளுவதால் பிஎச் திரும்ப ஏறுகிறது.

இனிக் கணக்கு. 500 மெகாவாட் ஆலை, வினைத்திறன் 36 சதவீதம், கிலோவுக்கு 25 மெகாயூல் தரும் நிலக்கரி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 200 தொன் எரியும். கந்தகம் 0.6 சதவீதம் என்றால் மணிக்கு 2.4 தொன் கந்தகவீரொட்சைட்டு, அதாவது செக்கனுக்கு 10.4 மோல். முழுவதையும் பிடித்தால் ஐதரசன் அயன் 20.8 மோல். இதை நடுநிலையாக்கச் செக்கனுக்கு 9 கனமீற்றர் கடல்நீர் வேண்டும். இதே ஆலையில் நீராவியைத் திரும்ப நீராக்கும் ஒடுக்கியைக் குளிரூட்ட, நீர் 7 பாகை சூடேறலாம் என்று விட்டால், செக்கனுக்குச் சுமார் 25 கனமீற்றர் எப்படியும் பம்ப் செய்தாக வேண்டும். குளிரூட்ட எடுக்கும் நீரே கழுவவும் போதும், தேவையைப் போல மும்மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். சேரும் சல்பேற்று லீற்றருக்கு 40 மில்லிகிராம். கடலில் ஏற்கெனவே இருப்பது 2,700. இரசாயனத்தில் இவ்வளவு அழகாகப் பொருந்தும் கணக்குகள் குறைவு.

ஆனால் ஒட்சிசன் பக்கம் அவ்வளவு தாராளம் இல்லை. 10.4 மோலைச் சல்பேற்றாக்கச் செக்கனுக்கு 166 கிராம் ஒட்சிசன் தேவை. 28 பாகை கடல்நீரில் கரைந்திருப்பது லீற்றருக்கு 6.3 மில்லிகிராம் அளவுதான். 25 கனமீற்றருக்கு 157 கிராம். ஊதிகள் நின்றுபோனால் அந்த நீர் முழுவதும் மூச்சற்ற நீராகக் குடாவுக்குள் போகும். செலவு மிச்சம் பிடிக்க இரவில் ஊதியை நிறுத்தும் ஆலையைக் கண்டுபிடிக்க, வெளியேறும் கால்வாயில் ஓர் ஒட்சிசன்மானி வைத்தால் போதும்.

வரிசையும் முக்கியம். கோபுரத்து அமில நீரை முதலில் மிச்சக் குளிரூட்டும் நீரோடு கலந்து பிஎச்சை 5, 6க்கு உயர்த்திய பிறகே ஊத வேண்டும். கலக்காமல் ஊதினால் கரைந்த வாயு திரும்பக் காற்றில் ஏறி, தீக்குச்சி நாற்றம் அடிக்கும். சாம்பல் வடிகட்டும் தகடுகள் பழுதானால் சாம்பலிலுள்ள உலோகங்கள் நேரே கடலுக்குப் போகும். இந்த முறையின் பெரிய பலவீனம் அதுதான். உள்ளெடுக்கும் குழாயில் மட்டியும் கொட்டலசும் ஒட்டாதிருக்கக் குளோரின் விடுவார்கள். மிஞ்சும் குளோரினை இருசல்பைற்று தின்றுவிடுவது எதிர்பாராத இலாபம்.

கொட்டியாரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மகாவலி இங்கேதான் கடலில் விழுகிறது. வடகீழ்ப் பருவமழையில் ஆற்றுநீர் பாரம் குறைந்ததால் மேலே படலமாகப் பரவும். ஆற்றுநீரில் இருகாபனேற்று பொதுவாகக் கடலைவிடக் குறைவு. நீரை மேலிருந்து எடுத்தால் மார்கழியில் கழுவும் திறன் விழும். ஆழத்திலிருந்து எடுத்தால் விழாது, நீரும் பெரும்பாலும் குளிர்ச்சியாக இருக்கும். குளிர்ந்த நீரில் வாயு கூடுதலாகக் கரையும்.

இப்போது நான்காவது. அதே 200 தொன் நிலக்கரி மணிக்கு 470 தொன்னளவில் காபனீரொட்சைட்டு விடும். கந்தகவீரொட்சைட்டைப் போல 200 மடங்கு. இதற்குக் கடலின் காரம் எந்த மூலைக்கு? காபனீரொட்சைட்டை உறிஞ்சி, சூடாக்கினால் திரும்ப விடும் அமீன் கரைசலால் பிடிக்கலாம். தொன்னுக்கு 3 கிகாயூல் வெப்பம் என்று பார்த்தால், 90 சதவீதம் பிடிக்கவே கொதிகலன் வெப்பத்தில் கால்வாசி போய்விடும். ரெக்சாசில் இப்படிப் பிடிக்கும் பெட்ரா நோவா நிலையத்துக்கு அமெரிக்க அரசு 19 கோடி டொலர் கொடுத்தது. அங்கே இந்த வெப்பத்துக்காகவே தனியாக ஓர் எரிவாயு நிலையம் கட்ட வேண்டியிருந்தது. 2020இல் நின்றது, 2023இல் மீண்டும் ஓடியது. மிசிசிப்பியின் கெம்பர் ஆலை, நிலக்கரியை வாயுவாக்கி எரிக்கப் பார்த்தது. 750 கோடி டொலர் வரை விழுங்கி, 2017இல் வாயுவாக்கலைக் கைவிட்டு, சாதாரண இயற்கை எரிவாயு நிலையமாக முடிந்தது.

அரசும் கம்பனிகளும் கைகோத்ததில் சந்தைக்கு வந்து நிலைத்தவை பெரும்பாலும் பழைய ஆலையில் பொருத்தக்கூடிய உறுப்புகள்: திருத்திய எரிப்பான்கள், கழுவு கோபுரங்கள். 1986இல் தொடங்கிய அமெரிக்கச் சுத்தமான நிலக்கரித் தொழினுட்பத் திட்டத்தில் அரசின் பங்கு பாதிக்கு மேல் போகக்கூடாது. சோதனை முடிவுகள் அறிக்கைகளாக வெளிவந்தன. பொதுப்பணத்துக்கு அந்த அறிக்கைகள்தான் உண்மையான விளைச்சல் என்பேன். ஆலை இடிந்தாலும் அளவீடு மிஞ்சும். சம்பூர் ஒப்பந்தம் மின்சாரம் விற்பதற்கான கூட்டு, தொழினுட்பத்தைச் சோதிப்பதற்கான கூட்டல்ல. அதிலிருந்து அப்படி ஒன்றும் மிஞ்ச வழியிருக்கவில்லை.

நிலக்கரி வராவிட்டாலும் குடாவின் காரத்தன்மையை ஆண்டு முழுக்க அளந்து வைப்பது வீண் போகாது. மீன்வளத்துக்கும் பவளப்பாறைக்கும் அதே எண்தான் வேண்டும். கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்துக்கு இதற்கென ஒரு சின்ன நிதி ஒதுக்கலாம். பாடசாலை ஆய்வுகூடத்திலும் செய்யலாம்: 100 மில்லிலீற்றர் கடல்நீர், சில துளி மெதைற் செம்மஞ்சள் என்ற நிறங்காட்டி, அளவியில் லீற்றருக்கு 0.02 மோல் ஐதரோகுளோரிக் அமிலம். சுத்தக் கடல்நீர் என்றால் 11.5 மில்லிலீற்றரை ஒட்டி மஞ்சள் நிறம் செம்மஞ்சளாகத் திரும்பும். மகாவலி கங்கை முகத்துவாரத்தில் மேலே ஒரு போத்தல், அடியில் ஒரு போத்தல் எடுத்து, வைகாசியிலும் மார்கழியிலும் செய்து பாருங்கள்.