மூன்றாவது வாளியில் இருக்கிறது விஷயம்

2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி ஏற்கெனவே தெரியும். பூண்டியும் செம்பரம்பாக்கமும் வறண்டு, தண்ணி லாரி எப்போது வரும் என்று குடத்தோடு தெருமுனையில் நின்ற நாட்களில் எங்கள் வீட்டில் துணி அலச மூன்று வாளிதான். சோப்பு போட்ட துணியை முதல் வாளியில் முக்கிப் பிழிந்து, இரண்டாவதில் போட்டு, அப்புறம் மூன்றாவதில். முதல் வாளி கலங்கியதும் அதைக் கழிப்பறையில் ஊற்றிவிட்டு, இரண்டாவதை முதலாவதாக நகர்த்தி, மூன்றாவதை இரண்டாவதாக்கி, கடைசி வாளியில் மட்டும் நல்ல தண்ணீர் பிடிப்போம். துணி இந்தப் பக்கம் போக, தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது.

அம்பத்தூர் மாதிரி இடங்களில் இருக்கும், உலோகப் பொருட்களுக்குப் பூச்சு ஏற்றும் பிளேட்டிங் பட்டறைகளை மாசு குறைக்கச் சொல்லும்போது, சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி இதுதான். எதிரோட்டக் கழுவல் என்பது அதன் பெயர்.

நிக்கல் பூசும் தொட்டியில் பச்சை நிறக் கரைசல் இருக்கும், சூடு ஏறக்குறைய 55 டிகிரி. நட்டு, போல்ட்டு, குழாய்ப் பொருட்களை ராக் எனும் கம்பிச் சட்டத்தில் மாட்டி அதில் இறக்கி, மின்சாரம் கொடுத்து, பூச்சு ஏறியதும் தூக்குவார்கள். தூக்கும்போது பாருங்கள், ஒவ்வொரு மூலையிலும் பச்சைத் துளி தொங்கும். அந்தத் துளியோடு ராக் அப்படியே பக்கத்துக் கழுவுத் தொட்டிக்குப் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய நிக்கல் உப்பு அந்த நொடியில் கழிவாகிறது. அப்புறம் அதே நிக்கலைப் பிடிக்கச் சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ வாங்கிப் போட்டு, சேறாகப் படியவைத்து, ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து, மூட்டை கட்டி, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவுக் கிடங்குக்குக் கட்டணம் கட்டி அனுப்ப வேண்டும். ஒரே நிக்கலுக்கு மூன்று முறை செலவு. சுத்திகரிப்பு என்று நாம் பெருமையாகச் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு மணி நேரத்தில் 1 லிட்டர் கரைசல் ராக்குகளோடு வெளியே போகிறது என்று வையுங்கள். பொருள் சுத்தமாக, அது ஆயிரம் மடங்கு நீர்க்க வேண்டும். ஒரே தொட்டி என்றால் மணிக்கு 1000 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். இரண்டு தொட்டிகளை எதிரோட்டமாக இணைத்தால் ஏறக்குறைய 32 லிட்டர் போதும், ஏனென்றால் ஒவ்வொரு தொட்டியும் 32 மடங்கு நீர்க்கச் செய்தால் இரண்டும் சேர்ந்து ஆயிரம். மூன்று தொட்டி என்றால் 10 லிட்டர். நன்றாகக் கலக்கும் தொட்டிக்கான கணக்கு இது, நிஜத்தில் கொஞ்சம் கூடும். ஆனாலும் ஆயிரம் எங்கே, பத்து எங்கே!

இதைவிட அழகு அடுத்த படிதான். சூடான நிக்கல் தொட்டியிலிருந்து எப்போதும் ஆவி போய்க்கொண்டே இருக்கும், அந்த இடத்தை நிரப்பத் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். கழுவிய தண்ணீர் வெறும் 10 லிட்டராகச் சுருங்கிவிட்டால், அதில் பெரும்பகுதியையோ, சில சமயம் முழுவதையுமோ திரும்பத் தாய்த் தொட்டிக்கே ஊற்றிவிடலாம். நிக்கலும் வீடு திரும்பியாயிற்று.

ஒரு எச்சரிக்கை. போர்வெல் தண்ணீரில் கழுவிவிட்டு இதைச் செய்தால் அதிலுள்ள கால்சியமும் கூடவே போய்ச் சேரும், பூச்சு சொரசொரப்பாக வரும், முதலாளி உங்களைத் திட்டுவார். உப்பு நீக்கிய தண்ணீர் வேண்டும். தொட்டியில் சேரும் மற்ற அழுக்குகளும் முன்போல வெளியே போகாது, அதனால் வடிகட்டுவதில் அலட்சியம் கூடாது.

இவ்வளவு லாபம் இருந்தும் ஏன் செய்வதில்லை? எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. அங்கே கூலி ராக் கணக்கில். கழுவுவதற்கு முன்பே துளியைக் குறைக்க, நிக்கல் தொட்டிக்கு மேல் பத்து நொடி பிடித்துச் சொட்டவிடச் சொன்னால், அந்தப் பத்து நொடி தொழிலாளியின் பாக்கெட்டிலிருந்து போகிறது. போர்டு மாட்டி என்ன பயன்? தொட்டிக்கு மேலே குறுக்கே ஒரு குழாய் கட்டிவிட்டார்கள், தூக்கிய ராக்கை அதில் மாட்டிவிட்டு அடுத்ததை எடுக்கப் போகலாம், அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும்.

அரசின் பக்கமும் ஒரு கோணல் இருந்தது. தொழிற்சாலைகள் எடுக்கும் தண்ணீருக்கு 1977-இல் ஒரு தீர்வை கொண்டுவந்தார்கள். சுத்திகரிப்பு நிலையம் வைத்தவருக்கு அதில் தள்ளுபடி இருந்தது, பின்னாளில் 25 சதவீதம். ஆனால் கழிவே உண்டாகாமல் பார்த்துக்கொண்டவருக்குக் கிடைத்ததெல்லாம், குறைவாக எடுத்த தண்ணீருக்கான தீர்வை மிச்சம், அதுவும் கிலோலிட்டருக்குப் பைசாக் கணக்கில். அந்தப் பைசாவுக்காக யார் புதுத் தொட்டி கட்டுவார்கள்? ஜி.எஸ்.டி. வந்தபோது, 2017-இல், தீர்வையே போய்விட்டது. அதைவிட லாரித் தண்ணீரின் விலைதான் முதலாளிகளை மூன்றாவது தொட்டியைப் பற்றி யோசிக்கவைக்கும் என்று எனக்குப் படுகிறது.

மூன்று தொட்டிக்கு இடமில்லை என்பார்கள், பட்டறைகள் அவ்வளவு குறுகல், அது நியாயம்தான். அந்தப் பட்டறையில் இருந்த நீளமான ஒற்றைத் தொட்டியிலேயே நடுவில் இரண்டு தடுப்பு வைத்து, ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் தாழ்வாக வெட்டிவிட்டார்கள். கடைசி அறையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் பம்ப் இல்லாமல் தானே வழிந்து முதல் அறைக்கு வருகிறது, அங்கே வந்து சேரும்போது நல்ல பச்சையாக இருக்கிறது.