யார், எந்தக் கணினியில், எத்தனை மணிக்கு?

"யார் எந்தக் கணினியில் எப்போது லாகின் செய்தார்கள் என்று எங்கள் சிஸ்டம் அட்மின் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுகிறார். உளவு மென்பொருள் ஏதாவது போட்டிருப்பாரோ?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

அதற்குத் தேவையே இல்லை. அலுவலகத்து விண்டோஸ் கணினிகள் ஒரே டொமைனில், அதாவது ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கப்படும் ஒரு குழுவில், இருந்தால், உங்களை உள்ளே விடலாமா என்று உங்கள் கணினி டொமைன் கன்ட்ரோலர் என்ற சர்வரைக் கேட்கும். கேட்டதும் அங்கே ஒரு பதிவு விழும்.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் விதம் இருக்கிறதே, அதுதான் அழகு. பாஸ்வேர்ட் கேபிளில் பயணிப்பதே இல்லை. நீங்கள் தட்டியதும் கணினி அதைக் கணக்குப் போட்டு ஒரு சாவியாக மாற்றுகிறது. பிறகு அந்த நிமிடத்து நேரத்தை எடுத்து, அந்தச் சாவியால் பூட்டி அனுப்புகிறது. சர்வரிடமும் உங்கள் சாவி உண்டு. அதைப் போட்டுத் திறந்தால் உள்ளே சரியான நேரம் இருக்க வேண்டும். இருந்தால் பூட்டியவர் நீங்கள்தான். நடுவில் ஒருவன் அந்தச் செய்தியைத் திருடி வைத்து மதியம் அனுப்பினால், உள்ளே இருப்பது காலை நேரம், செல்லாது. கடிகாரங்கள் கொஞ்சம் முன்பின் இருக்கலாம் என்று வழக்கமாக 5 நிமிடம் சலுகை. சரியாக இருந்தால் சர்வர் ஒரு டிக்கெட் தருகிறது. வழக்கமான அமைப்பில் அது 10 மணி நேரம் செல்லும். அதைக் காட்டித்தான் பிரிண்டர், ஃபைல் சர்வர் எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்குகிறது கணினி.

கெர்பரோஸ் என்ற இந்த முறை, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1983-ல் தொடங்கிய அத்தீனா திட்டத்தில் பிறந்தது. மாணவர் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் தன் வேலையைத் தொடர வேண்டும் என்பதுதான் அங்கே நோக்கம். விண்டோஸுக்கு அது வந்தது விண்டோஸ் 2000-ல். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்போதே "இதனால் உடனே என்ன லாபம்?" என்று கேட்பவர்களுக்கு இந்த வரலாற்றை யாராவது சொல்லலாம்.

சரி, பதிவுக்கு வருவோம். டிக்கெட் கேட்டால் சர்வரின் செக்யூரிட்டி லாக் என்ற பதிவேட்டில் 4768 என்ற எண்ணில் விழும், கேட்ட கணினியின் ஐ.பி. முகவரியோடு (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்). உங்கள் கணினியிலேயே 4624 விழும். அதில் வகை 2 என்றால் கீபோர்டுக்கு முன்னால் ஆள் இருந்தார், 10 என்றால் ரிமோட்டில் வந்தார். பாஸ்வேர்ட் தப்பு என்றால் 4625. லாக் நிறைந்தால் பழைய பதிவுகள் அழிந்துவிடும் என்பதால் விவரமான அட்மின் எல்லாவற்றையும் ஒரே சர்வருக்கு இழுத்து வைப்பார். ஆயுத பூஜைக்குச் சர்வருக்குப் பொட்டு வைக்கும் ஆபீஸ்களில் பாதியாவது இதைச் செய்தால் தேவலை.

வந்ததைப் பிடிப்பது சுலபம், போனதைப் பிடிப்பது கஷ்டம். லாக் ஆஃப் செய்தால் 4634 விழும். கரண்ட் போனால் எதுவும் விழாது. டிக்கெட் கொடுத்த சர்வருக்கோ ஆள் எழுந்து போனதே தெரியாது. அட்மின் "இவர் மாலை 6 மணி வரை இருந்தார்" என்று சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். திரையைப் பூட்டினால் 4800, திறந்தால் 4801 என்று கிடைக்கும்தான். ஆனால் அவை தானாகப் பதிவாகாது. எதையெல்லாம் பதிவு செய்வது என்று முடிவு செய்யும் தணிக்கை அமைப்பில் யாராவது முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும்.